பாடம் கஷ்டமில்லை, காலேஜ்தான் கஷ்டம் என்கிறாள் மகள் – மெடிக்கல் காலேஜுக்குள் அப்படி என்ன நடக்கிறது?

செம்பூர் விஜி:

வணக்கம். இங்கே டாக்டர்களும் மெடிக்கல் ஸ்டூடண்ட்களும் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். என் மகள் மும்பையில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் இரண்டாம் வருடம். எங்கள் சொந்தத்தில் இதுவரை யாரும் டாக்டருக்குப் படித்ததில்லை, அதனால் உள்ளே நடப்பதை எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. வீடு செம்பூரில்தான், ஆனாலும் காலையில் வார்டு போஸ்டிங், சாயங்காலம் வரை கிளாஸ் என்பதால் ஹாஸ்டலில் விட்டிருக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி வருவாள், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவாள்.

பத்தாவது, பன்னிரண்டாவது, நீட் என்று எல்லாப் பரீட்சைக்கும் பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறேன். படிப்பைக் கண்டு பயப்படுகிற பெண் இல்லை அவள். இப்போது ஞாயிறு மத்தியானம் ஆனாலே முகம் மாறிவிடுகிறது, சாப்பாடு இறங்குவதில்லை, வயிறு சரியில்லை என்று போய்ப் படுத்துக்கொள்கிறாள். பாடம் கஷ்டமா என்று கேட்டால் "பாடம் ஒண்ணும் இல்லம்மா, காலேஜ்தான்" என்கிறாள், அதற்கு மேல் வாய் திறப்பதில்லை. கொஞ்ச நாள் முன்னால் டெங்கு வந்து வீட்டில் படுத்திருந்தாள். திரும்பிப் போனதும் டிஃபால்டர் லிஸ்டில், அதாவது அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் பட்டியலில், அவள் பெயர், நோட்டீஸ் போர்டிலும் போட்டு வகுப்பு வாட்ஸப் குரூப்பிலும் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்த டாக்டர் சர்டிஃபிகேட்டை வாங்கவே மறுத்துவிட்டார்களாம். அன்றைக்கு ராத்திரி போனில் "இதை விட்டுட்டு வேற ஏதாவது படிக்கலாமாம்மா" என்று கேட்டாள்.

அவள் அப்பா, எந்தப் படிப்பில் டென்ஷன் இல்லை, போகப் போகப் பழகிவிடும், யோகா கிளாஸில் சேர்த்துவிடு என்கிறார். அவர் சொல்வதும் அக்கறையில்தான். ஆனால் படிப்பு வேறு காலேஜ் வேறு என்று அவள் பிரித்துச் சொல்வது என் மனதை விட்டுப் போகவில்லை. அவள் எதைச் சொல்கிறாள்? நாங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைப் பையன்:

ஆன்ட்டி, நான் மும்பையிலேயே வேறொரு கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன், ஆல் இந்தியா கோட்டாவில் வந்தவன். உங்கள் மகள் சொல்வது எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேர் வீட்டில் சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் விடுவதுதான். படிப்பு பெரிசுதான், பேத்தாலஜி, ஃபார்மக்காலஜி, மைக்ரோபயாலஜி மூன்றும் சேர்ந்து வருகிற வருடம் வேறு. ஆனால் எவ்வளவு பெரிய புத்தகமாக இருந்தாலும் அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியும், உட்கார்ந்தால் குறையும். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் குறையாத சில விஷயங்கள் கல்லூரிக்குள் இருக்கின்றன, ஆளைத் தின்பது அவைதான்.

முதலில் அட்டெண்டன்ஸ். தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகல், கிளினிக்குக்கு 80 சதவீதம் இருந்தால்தான் யுனிவர்சிட்டி எக்ஸாம் எழுத முடியும். விதி தப்பில்லை, நாளைக்கு உயிரைக் கையாளப் போகிறவன் வார்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு எங்கள் கையில் கிடையாது. ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் தனி ரெஜிஸ்டர் வைத்திருக்கும், இன்றைக்கு நான் எத்தனை சதவீதத்தில் இருக்கிறேன் என்று கேட்டால் லிஸ்ட் வரும்போது பார் என்பார்கள். லிஸ்ட் எக்ஸாமுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வரும், வந்த பிறகு சரிபண்ண நாள் இருக்காது. வருடம் முழுக்க, நாம் பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறோமா இல்லையா என்று தெரியாமலே ஓட வேண்டும். காய்ச்சலோடு போஸ்டிங்குக்கு வந்து வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பேட்ச்மேட்களை நான் பார்க்காத மழைக்காலமே இல்லை. உங்கள் மகளுக்கு டெங்கு என்றால், அவள் உண்மையில் ஓய்வெடுத்ததற்குத்தான் பெயர் வெளியே வந்திருக்கிறது. அது மனதை என்ன செய்யும் என்று பாருங்கள்.

அடுத்தது இன்டர்னல், அதாவது கல்லூரியே நடத்தும் தேர்வுகளின் மார்க். அந்த மார்க் யுனிவர்சிட்டி மார்க்கோடு கூட்டப்படுவது கிடையாது, எக்ஸாம் ஹாலுக்குள் விடுவார்களா மாட்டார்களா என்பதை மட்டும் அது தீர்மானிக்கும். தியரி, பிராக்டிகல் தனித்தனியாகக் குறைந்தது 40, இரண்டும் சேர்த்து 50 சதவீதம். வாய்மொழித் தேர்வான வைவாவில் எதற்கு மார்க் குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை, கேட்டால் எதிர்த்துப் பேசுகிறான் என்று பெயர். அதே ஆள்தான் அடுத்த வைவாவும் எடுப்பார். அதனால் யாரும் கேட்பதில்லை.

லாக்புக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு திறனையும் செய்து காட்டி, ஆசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் உயிரே அதுதான், நல்ல யோசனையும்கூட. நடப்பு என்னவென்றால், கையெழுத்துப் போட வேண்டியவர் ஓபிடியில் (வெளிநோயாளிகள் பிரிவில்) இருப்பார், மூன்று மணிக்கு மேல் வா என்று பியூன் சொல்வார், மூன்று மணிக்கு எங்களுக்கு பிராக்டிகல். அதை முடித்துவிட்டு ஓடினால் அவர் கிளம்பியிருப்பார். மறுநாள் போனால் "அன்றைக்கே ஏன் வாங்கலை, தேதி தாண்டிப்போச்சு" என்று நோட்டு திரும்பி வரும். கடைசியில் டெர்ம் முடிகிற வாரத்தில் வகுப்பே டிபார்ட்மெண்ட் வாசலில் நிற்கும், நூறு பேருடைய புத்தகத்தை ஒரே உட்காரலில் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார், எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவரும் பார்ப்பதில்லை. பிபி பார்க்கவோ ஊசி போடவோ கற்றுக்கொள்ள வேண்டிய நேரம் அந்த வாசலில் போகிறது.

இன்னொன்று வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும், உங்கள் மகள் மும்பையிலேயே வளர்ந்ததால் தப்பித்திருப்பாள். கேஸ் ஹிஸ்டரி எடுக்க மராத்தி வேண்டும், குறைந்தது இந்தி வேண்டும். வந்த புதிதில் எனக்கு இரண்டும் வராது, பேஷன்ட் முன்னாலேயே "இவனெல்லாம் இங்கே எதுக்கு வந்தான்" என்று கேட்டிருக்கிறார்கள். தாராவியிலிருந்து தமிழ் பேசும் ஒரு பாட்டி அட்மிட் ஆன அன்றைக்குத்தான் யூனிட்டில் என் பெயரே தெரிந்தது. அப்புறம் முதல் நாளே "நீட் ரேங்க் என்ன" என்று கேட்பது. அது ரேங்க் தெரிந்துகொள்ள இல்லை, எந்தக் கோட்டா, என்ன சாதி என்று தெரிந்துகொள்ளத்தான். 2019 மே மாதம் பழங்குடிச் சமூகத்து முதுநிலை மாணவி ஒருவரை இந்த ஊர் பறிகொடுத்தது எல்லோருக்கும் தெரியும், அதற்கப்புறமும் அந்தக் கேள்வி நிற்கவில்லை.

ஆன்ட்டி, நீங்கள் கல்லூரிக்குப் போய் யாரிடமும் சண்டை போட்டுவிடாதீர்கள். அவளைக் கேட்காமல் போன்கூடச் செய்யாதீர்கள்.

நைட் டூட்டி:

அக்கா, நான் தில்லியில் மெடிசின் பிஜி இரண்டாம் வருடம், சொந்த ஊர் கும்பகோணம். தம்பி சொன்னதெல்லாம் மாணவர் பக்கம். வார்டில் உங்கள் மகள்மேல் எரிந்து விழுகிற ரெசிடெண்ட் (எம்பிபிஎஸ் முடித்து, பிஜி படித்துக்கொண்டே வார்டில் வேலை செய்கிற டாக்டர்) பக்கத்தையும் நான் சொல்கிறேன், அவர்களை நியாயப்படுத்த இல்லை, அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் "எனக்குத் தகுதியில்லை" என்று அவள் நினைப்பது நிற்கும்.

முதல் வருட ரெசிடெண்ட் காலையில் ரவுண்ட்ஸுக்கு முன்னால் எல்லா பேஷன்டுக்கும் ரத்தம் எடுத்திருக்க வேண்டும், எடுத்ததை லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும், நேற்றைய ரிப்போர்ட்டைத் தேடி வாங்கியிருக்க வேண்டும், ஸ்கேனுக்கு ட்ராலி தள்ள ஆள் வராவிட்டால் தானே தள்ள வேண்டும். இதில் பாதி வேலைக்கு டாக்டரே தேவையில்லை. அதற்கான ஆட்களைப் போடாததால் அது எங்கள் தலையில். அட்மிஷன் நாளில் காலையில் உள்ளே போனால் மறுநாள் சாயங்காலம்தான் வெளியே வருவோம், 36 மணி நேரம் என்பது எங்களுக்குச் சாதாரணப் பேச்சு. சட்டத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? 1992இல் வந்த மத்திய ரெசிடென்சி திட்டம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் போட்ட முதுநிலை விதிகளில் எந்த எண்ணும் இல்லை, "நியாயமான வேலை நேரம்" என்று மட்டும் இருக்கிறது. நியாயமானது எது என்று முடிவு செய்வது யார்? யூனிட் சீஃப். வார விடுமுறை ஒரு நாள், வருடத்துக்கு 20 நாள் கேஷுவல் லீவ் எல்லாம் அதே விதிகளில் இருக்கின்றன. ஆனால் லீவ் கேட்டால் உனக்குப் பதில் யார் நிற்பார் என்று கேட்பார்கள், நிற்கப் போவது என்னைப் போலவே தூங்காத இன்னொருத்தி, அதனால் கேட்கவே மனம் வராது.

இப்படி இருக்கிறவள் முன்னால் ஒரு இரண்டாம் வருடப் பெண் வந்து "மேடம், இந்த கேஸ் பார்க்கலாமா" என்று நிற்கும்போது என்ன நடக்கும்? மேட்டிலிருந்து தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி எல்லார் கோபமும் கீழே இறங்கி வரும். சீஃப் கத்தினது மூன்றாம் வருட ரெசிடெண்டுக்கு, அவர் கத்தினது எனக்கு, நான் இன்டர்னுக்கு, கடைசியில் மாணவிக்கு. அவளுக்குக் கீழே யாருமில்லை, அதனால் அவள் வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கிறது என்கிறாள்.

இதில் பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு பாரம். ராத்திரி டூட்டியில் தாழ்ப்பாள் இல்லாத அறை, ஆண்களும் பெண்களும் ஒரே டாய்லெட், சில இடத்தில் அதுவும் வேறு மாடியில். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் டூட்டியில் இருந்த பெண் டாக்டருக்கு அந்தக் கொடுமை நடந்த பிறகு உச்ச நீதிமன்றம் வரை பேசப்பட்டது, பணிக்குழு போட்டார்கள். நான் வேலை செய்யும் தளத்தில் இன்னும் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துத்தான் படுக்கிறோம். உங்கள் மகளுக்கு இந்த டூட்டி எல்லாம் இன்டர்ன்ஷிப்பில்தான் வரும். ஆனால் தினமும் எங்களைப் பார்க்கிறாள் இல்லையா, இதுதான் நம் எதிர்காலமா என்ற பயம் இப்போதே உட்கார்ந்துவிடும்.

யோகா நல்லது, நானே செய்கிறேன். ஆனால் தூக்கத்தைப் பறித்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவதால் யாருக்கும் எதுவும் தீராது.

பழைய டாக்டர்:

நான் 1980களில் மெட்ராஸில் படித்து, முப்பது வருடத்துக்கும் மேலாக மாட்டுங்காவில் பிராக்டிஸ் செய்கிறேன். மேலே இரண்டு பேர் எழுதியதையும் முழுக்கப் படித்தேன். பிள்ளைகள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாய் பயந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் சீஃப்களும் கத்தினார்கள், கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிந்தார்கள். ஹவுஸ் சர்ஜனாக (இப்போது இன்டர்ன் என்கிறார்கள்) இருந்தபோது லேபர் வார்டிலேயேதான் குடியிருப்போம். அந்தக் கண்டிப்பில்தான் கை பழகியது. இன்றைக்கு நடுராத்திரி ஒரு நெஞ்சுவலி வந்தால் என் கை நடுங்காமல் இருப்பதற்கு அந்த நாட்கள்தான் காரணம் என்று உண்மையாகவே நம்புகிறேன். அம்மா, உங்கள் பெண் இவ்வளவு தூரம் வந்துவிட்டாள், அவசரப்பட்டு விட்டுவிடச் சொல்லாதீர்கள். கொஞ்சம் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இது எல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும் நிறைவு வேறு எந்தத் தொழிலிலும் இல்லை.

பெங்களூர் வாத்தியார்:

சகோதரி, நான் பெங்களூரில் ஒரு கல்லூரியில் கம்யூனிட்டி மெடிசின் பேராசிரியர். டாக்டர் ஐயா மேல் மரியாதையோடு, அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். கை பழகியது வேலையினால். கேஸ் ஷீட்டை எறிந்ததால் யார் கையும் பழகவில்லை. எறியாத சீஃப்களிடம் படித்தவர்களும் நல்ல டாக்டராகத்தான் இருக்கிறார்கள், அவர்களில் பலரை நான் அறிவேன்.

நாற்காலியின் இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்ப்பதைச் சொல்கிறேன். 2014இல் நாடு முழுக்க 387 மருத்துவக் கல்லூரிகள், 51,348 எம்பிபிஎஸ் இடங்கள். பத்தே வருடத்தில் கல்லூரிகள் 700ஐயும் இடங்கள் ஒரு லட்சத்தையும் தாண்டிவிட்டன. நாட்டுக்கு டாக்டர் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இடம் கூடிய வேகத்தில் ஆசிரியர் கூடவில்லை. சிறு குழுவாக உட்கார வைத்து, ஒவ்வொருவரையும் செய்ய வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பாடத்திட்டம். குழு எடுக்க ஆளில்லாத துறையில் அந்தப் பாடத்திட்டம் வெறும் கையெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. நெல்லைத் தம்பி எழுதியிருக்கும் வாசல் வரிசை எங்கள் பக்கத்து ஆள் பற்றாக்குறையின் இன்னொரு முகம்.

அடுத்து, விளையாட்டின் நடுவில் விதி மாறுவது. 2019இல் சேர்ந்த பேட்சுக்கு எம்பிபிஎஸ் முடிவில் நெக்ஸ்ட் என்ற புதுத் தேர்வு வரும் என்று சொல்லி, அதற்காகப் பிள்ளைகள் தயாராகி, கடைசியில் 2023 ஜூலையில் தள்ளிவைத்தார்கள். 2024இல் பாடத்திட்ட வழிகாட்டி ஒன்றை ஆகஸ்ட் கடைசியில் வெளியிட்டுச் செப்டம்பர் முதல் வாரமே திரும்பப் பெற்றார்கள். முதல் வருடத் தேர்வுக்கு நான்கு முயற்சிதான், மொத்தப் படிப்பையும் ஒன்பது வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பு ஒரு பக்கம். எதை எழுதப் போகிறோம் என்பது மேலிருந்து எந்த நாளிலும் மாறலாம் என்பது இன்னொரு பக்கம். பெரியவர்களுக்கே இது தாங்காது.

மாணவர் மன அழுத்தத்தை அளக்கப் பல நாடுகளில் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாள் மலேசியாவில் உருவானது, ஆறு வகையாகப் பிரித்துக் கேட்கும், நம் கல்லூரிகளிலும் அதை வைத்து நிறைய ஆய்வு செய்திருக்கிறார்கள். "படிப்பு சார்ந்தது" என்ற வகைதான் பெரும்பாலும் முதலில் நிற்கும். உடனே நிர்வாகம், பார்த்தீர்களா பாடம்தான் பாரம், பிள்ளைகளுக்கு நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை என்று முடித்துவிடும். அந்த வகைக்குள் இருக்கும் கேள்விகளைப் பாருங்கள்: படித்ததைத் திரும்பப் பார்க்க நேரமில்லை, தேர்வுகள், வாசிப்பில் பின்தங்குவது. அந்த நேரத்தை எடுத்துக்கொள்வது யார்? தேர்வுத் தேதியை முந்தின வாரம் அறிவிப்பது யார்? மாணவன் எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று நூறு ஆய்வுகளில் கேட்டுவிட்டோம், துறை எத்தனை நாள் முன்னால் டைம்டேபிள் ஒட்டுகிறது என்று கேட்கும் ஆய்வை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. அவர்கள் நடத்திய ஆன்லைன் சர்வேயில் 25,590 இளநிலை மாணவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள், அதில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். விருப்பப்பட்டவர்கள் பதில் சொல்லும் சர்வே என்பதால் எண்ணைக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் பாதியாகக் குறைத்தாலும் சின்ன எண் இல்லை. ரெசிடெண்டுகளுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு, தினம் ஏழு எட்டு மணி நேரத் தூக்கம் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. பரிந்துரைதான், மீறினால் யாருக்கும் எதுவும் ஆகாது. என்னைக் கேட்டால் முழுப் பிரச்சினையும் அந்த இடத்தில் நிற்கிறது. அட்டெண்டன்ஸ் குறைந்தால் மாணவனுக்குத் தண்டனை உண்டு. டைம்டேபிள் தவறினால் துறைக்கு ஒன்றும் இல்லை.

சரி, உங்கள் மகளுக்கு உதவியாக ஒரு விஷயம். எல்லாக் கல்லூரியிலும் மென்டர் என்று ஓர் ஆசிரியரை ஒதுக்கியிருப்பார்கள். பல இடங்களில் அந்த மென்டரே இன்டர்னல் போடுபவராகவும் இருப்பார், அவரிடம் போய் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? கல்லூரி மனநல ஓபிடிக்குப் போகச் சொன்னால் அதிலும் இதே சிக்கல். அங்கே உட்கார்ந்திருக்கும் ரெசிடெண்ட் போன வருடத்து சீனியர், அடுத்த போஸ்டிங்கில் அதே டிபார்ட்மெண்டில்தான் இவள் நிற்க வேண்டும், கேஸ் பேப்பர் யார் யார் கையில் போகும் என்று தெரியாது. அதனால் வெளியே வேறொரு மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416, மத்திய அரசுடையது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இதற்குத் தேசிய அளவில் தலைமை மையம் எங்கள் ஊர் நிம்ஹான்ஸ்தான். சீனியர் தொல்லை ஏதாவது இருந்தால் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522.

ஒன்றை மட்டும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள், சகோதரி. சாப்பாடு இறங்காதது, படுத்துக்கொள்வது இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். "உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று எப்போதாவது தோன்றுகிறதா" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்காவிட்டால் அவளாகச் சொல்லவும் மாட்டாள். ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், ஹாஸ்டலுக்கு அனுப்பாதீர்கள், அட்டெண்டன்ஸ் போனால் போகட்டும்.

நெல்லைப் பையன்:

வாத்தியார் சார், நன்றி. டாக்டர் ஐயா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். தாங்கிக்கொள்ள எங்களுக்குத் தெரியும். கேஸுவால்டியில் ராத்திரி முழுக்க நின்று கற்றுக்கொண்டதைப் பற்றி எங்கள் பேட்சில் யாரும் குறை சொன்னதில்லை, அந்த நாள் டூட்டி முடிந்து டீக்கடைக்குப் போகும்போது எல்லாருக்கும் ஒரு சந்தோஷம் இருக்கும். பேஷன்டினால் வருகிற களைப்பு தூங்கினால் போய்விடுகிறது. கையெழுத்துக்கும் லிஸ்டுக்கும் நின்ற களைப்புதான் போகமாட்டேன் என்கிறது. உங்களைப் போன்ற பெரியவர்கள் பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறீர்கள், உங்கள் கல்லூரி டீன் உங்கள் பேச்சைக் கேட்பார். அட்டெண்டன்ஸை மாதாமாதம் மாணவனுக்கு மட்டும் காட்டுங்கள், சுவரில் ஒட்டாதீர்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் நூறு மனு கொடுப்பதற்குச் சமம்.

பழைய டாக்டர்:

தம்பி, கோபம் எதற்கு? எங்கள் காலத்தில் அட்டெண்டன்ஸ் இருந்தது, ஆனால் காய்ச்சல் என்றால் யூனிட் அசிஸ்டென்ட்டே வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார், பெயரைச் சுவரில் ஒட்டிய ஞாபகம் எனக்கு இல்லை. சங்கத்துக் கூட்டத்தில் பேசுகிறேன். அம்மா, மகளை வெளியே காட்ட வேண்டுமென்றால் மாட்டுங்கா பக்கம் தமிழ் பேசும் நல்ல மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், தனிச்செய்தியில் கேளுங்கள், சொல்கிறேன்.

செம்பூர் விஜி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று ராத்திரி இந்தப் பக்கத்தை அவளிடமே காட்டினேன். தம்பி எழுதிய லாக்புக் பகுதியைப் படித்துவிட்டு "அம்மா, இதேதான், இதேதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம் நிறையப் பேசினாள். லிஸ்ட் வந்த அன்றைக்கு ஒரு மேடம் வகுப்பில் எல்லார் முன்னாலும் "டெங்குவா, இல்லை ஊர் சுத்தப் போனியா" என்று கேட்டிருக்கிறார், அதை இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை. வாத்தியார் ஐயா சொன்ன கேள்வியையும் கேட்டேன். கேட்கும்போது என் குரல்தான் நடுங்கியது. அப்படியெல்லாம் இல்லை, ஆனால் காலையில் எழுந்திருக்கவே வேண்டாம் போல இருக்கும் என்றாள். அது போதும் எனக்கு, சனிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டோம். அவள் அப்பாவும் வருகிறார், அவரும் எல்லாவற்றையும் படித்தார், யோகாவைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அந்த சர்டிஃபிகேட்டை மறுபடி எப்படிக் கொடுப்பது, கொடுத்தால் அவள்மேல் கோபப்படுவார்களா? ஒருவேளை விட்டுவிடுவதென்றால் சேரும்போது ஏதோ பாண்டில் கையெழுத்துப் போட்டோமே, அது என்ன ஆகும்?

நைட் டூட்டி:

அக்கா, நல்ல வேளை, கேட்டுவிட்டீர்கள். சனிக்கிழமை வரை அவளைத் தனியாக விடாதீர்கள்.

முதலில் பாண்ட். படிப்பு முடித்த பிறகு கிராமத்தில் வேலை செய்வதற்கான பாண்ட் ஒன்று, நடுவில் இடத்தை விட்டால் பணம் கட்ட வேண்டிய பாண்ட் இன்னொன்று, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாவதை எடுத்துவிடுவதைப் பற்றி யோசியுங்கள் என்று 2024 ஜனவரியில் மருத்துவ ஆணையமே மாநிலங்களுக்கு எழுதியது, தொல்லை தாங்காத பிள்ளைகள் பணத்துக்குப் பயந்து உள்ளேயே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால்தான். உங்கள் கையிலிருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு, எடுத்துப் படியுங்கள். ஆனால் அந்த முடிவை இப்போது எடுக்க வேண்டாம், தூக்கமும் சாப்பாடும் திரும்பி வந்த பிறகு அவளே எடுக்கட்டும். விடுகிறேன் என்றாலும் அவளோடு நில்லுங்கள்.

சர்டிஃபிகேட் விஷயம். வாயால் கேட்டதால்தான் வாயால் மறுத்தார்கள். அவள் பெயரில், அவள் கையெழுத்தில், டீனுக்கு ஒரு கடிதம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை காய்ச்சல், டெங்கு டெஸ்ட் ரிப்போர்ட், பிளேட்லெட் எண்ணிக்கை, டாக்டர் சர்டிஃபிகேட், எல்லாவற்றின் நகலும் சேர்த்து. யார் என்ன திட்டினார் என்று இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட வேண்டாம், அதைச் சேர்த்தால் காய்ச்சலை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வார்கள். கல்லூரி இன்வர்ட் செக்ஷனில் (கடிதங்களை வாங்கிப் பதிவு செய்யும் இடத்தில்) கொடுத்து, இரண்டாவது நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதே கடிதத்தைக் கல்லூரி மெயிலுக்கும் அனுப்பட்டும். சம்பந்தப்பட்ட மூன்று டிபார்ட்மெண்டிடமும் இன்றைய தேதி வரை தன் அட்டெண்டன்ஸ் எவ்வளவு என்று அதே கடிதத்தில் கேட்கட்டும், எண் கையில் வந்துவிட்டால் மிச்சம் எத்தனை வகுப்பு வர வேண்டும் என்று அவளே கணக்குப் போட்டுக்கொள்வாள்.

கோபப்படுவார்களா என்றால், ஒருத்தி மட்டும் கொடுத்தால் முகம் சுளிக்கலாம். அந்த லிஸ்டில் காய்ச்சலில் விழுந்த வேறு பிள்ளைகளும் கட்டாயம் இருப்பார்கள், மும்பை மழையில் இல்லாமல் போகாது. வகுப்பு ரெப்ரசென்டேட்டிவ் மூலமாக எல்லார் கடிதமும் ஒரே நாளில் போகட்டும்.